படத்தில் இல்லாத கட்டம்

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலையில் ஆபா என் கையில் ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுத்து, சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் ஒரு லிஃப்ட்டை வரையச் சொன்னார். நான் வரைந்தேன். நீளமாக ஒரு பெட்டி, நடுவில் பிளந்த கதவு, மேலே கயிறு, பக்கத்தில் வட்ட வட்டமாகப் பொத்தான்கள். பள்ளிக்கூடத்தில் ஓவியத்துக்குப் பரிசு வாங்கியவள் என்பதால் கயிற்றுக்கு முறுக்குகூடப் போட்டேன். ஆபா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். "சூப்பரா கீதுபா. ஆனா சும்மா நின்னுகினு கீது. இது இன்னா பண்ணும்னு வரை" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் அவரே பலகையைத் துடைத்துவிட்டு வரைந்தார். கதவும் இல்லை, கயிறும் இல்லை. சில கட்டங்கள்; அவற்றுக்குள் நிற்கிறது, கதவு திறந்திருக்கிறது, மேலே போகிறது, கீழே போகிறது என்று வார்த்தைகள். கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்புகள். ஒவ்வோர் அம்பின்மேலும், எது நடந்தால் அந்த வழியாகப் போகலாம் என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. பிறகு அதே படத்தைக் கணினியில் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினார். நான் தண்ணீர் பாட்டிலை மூடிக் கீழே வைப்பதற்குள், அந்த லிஃப்ட்டை இயக்கும் நிரல் முழுவதும் பக்கம் பக்கமாக வந்து விழுந்திருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்து எழுதினால் வாரக்கணக்கில் ஆகிற வேலை. ஆபா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மந்தைவெளி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது எங்கள் கம்பெனி. லிஃப்ட்டுகளை இயக்கும் மின்பலகைகளைச் செய்வார்கள். கீழே பற்றவைக்கும் புகையும் ரேடியோ பாட்டுமாக ஒரு கூடம். மாடியில் ஒரு சின்ன அறை. அந்த அறைதான் மென்பொருள் பிரிவு. அதில் ஆபாவும் நானும் மட்டும். ஆபா ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது, வெளியில் தமிழ். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் பெரியவர். ஆனால் கீழே வயர் இழுப்பவர்களிலிருந்து முதலாளிவரை எல்லோரும் அவரை ஆபா, அதாவது உருதுவில் அக்கா, என்றே கூப்பிட்டதால் எனக்கும் அவர் ஆபாவானார்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை, கர்வம்தான். அம்மாவும் அப்பாவும் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு வேலை கிடைத்த வாரம், துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "எம் பொண்ணு லிஃப்ட்டு ஓட்டுது" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் என்னைக் காக்கிச் சட்டை போட்டு லிஃப்ட்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற பெண்ணாக நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தப் பார்த்தேன். லிஃப்ட்டுக்கு நிரல் எழுதுகிறேன் என்றால், ஓட்டுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார் அப்பா. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல முயன்று முயன்று களைத்து, வீட்டில் வேலையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். என் நாளில் முக்கால்வாசியைப் பற்றி அறிந்த ஒரே ஆள் எதிர் நாற்காலியில் இருந்த ஆபாதான்.

அவரிடமும் ஆரம்பத்தில் எனக்குக் கோபம் இருந்தது. நிரல் எழுதத்தானே படித்தேன்? இங்கே அதை இயந்திரம் எழுதிவிடுகிறது. நான் கட்டம் போட்டு அம்பு இழுக்கிறேன். ஒரு நாள் இதைக் கேட்டேவிட்டேன். ஆபா சிரித்தார். "நீ போடற படம் மாவு. நான் எழுதி வச்சிருக்கறது முறுக்கு அச்சு. மாவு சரியில்லைனா அச்சு இன்னா பண்ணும்?" என்றார். அந்த அச்சை உருவாக்கியவர் அவர்தான். எந்தக் கட்டத்துக்கு எந்த வரி, எந்த அம்புக்கு எந்த வரி என்று நிரலின் வார்ப்பு முழுவதையும் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியிருந்தார். இயந்திரம் எழுதிய ஒவ்வொரு கோப்பின் தலையிலும், ஆங்கில எழுத்தில் தமிழில், 'இது மிஷின் எழுதினது, கை வெக்காதீங்க' என்று ஒரு வரி தானாக வந்து உட்காரும். கை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அடுத்த முறை பொத்தானை அழுத்தும்போது இயந்திரம் படத்தை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் புதிதாக எழுதும். நாம் கையால் எழுதியது காணாமல் போகும் என்றார். "படத்துல இல்லாதது லிஃப்ட்டுல இருக்கக் கூடாது." அறைக்குள் அவர் போட்டிருந்த ஒரே சட்டம் அது.

கீழேயிருந்து லிஃப்ட் பொருத்தப் போகும் வயர்மேனை எல்லோரும் மாமா என்போம். பலகைகளை வாங்கிப்போக மாடிக்கு வரும்போதெல்லாம், எங்கள் திரையை எட்டிப் பார்த்து, "கோலம் போட்டாச்சா? புள்ளி வச்சதா, சிக்குக் கோலமா?" என்பார். ஆபா அசராமல், "சிக்குத்தான் மாமா. நீங்க மாட்டிக்காம ஏறுங்க" என்பார்.

வாரத்தில் ஒரு மத்தியானம் நாங்கள் இருவரும் லிஃப்ட்டில் போய்வரக் கிளம்புவோம். அடையாறு, பெசன்ட் நகர், எங்கே எங்கள் பலகை ஓடுகிறதோ அங்கே. ஏறி மேலே போவது, இறங்கி வருவது, மறுபடி ஏறுவது. யார் வீட்டுக்கு என்று வாட்ச்மேன் கேட்டால், லிஃப்ட்டு வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு ஆபா நடந்துகொண்டே இருப்பார். நான் லிஃப்ட்டைக் கவனிப்பேன்: சரியான இடத்தில் நிற்கிறதா, கதவு உரிய நேரத்தில் மூடுகிறதா. ஆபா ஆட்களின் கைகளைக் கவனிப்பார். பால் பாக்கெட் வைத்திருக்கிற கை எந்த விரலால் பொத்தானை அழுத்துகிறது, வயதானவர் கதவின் விளிம்பை எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்கிறார். திரும்பி வந்ததும் படத்தில் ஓர் அம்பு நகர்ந்திருக்கும். பெசன்ட் நகர் போகிற நாட்களில் கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு பஸ் பிடிப்போம். அப்போதும் படத்தைப் பற்றித்தான் பேச்சு. அந்த மத்தியானங்கள் எனக்குக் கல்லூரி தராத ஒன்றைத் தந்தன. ஒருவரோடு ஒரே விஷயத்தை யோசித்துக்கொண்டு, பேசாமலே நடந்துவர முடிந்தது.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் லிஃப்ட் எங்கள் பலகைக்கு மாறிய வருடம் அது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆபா மாமாவோடு போனார். நான் அன்று வேறு வேலையில் இருந்தேன். எடை கூடினால் லிஃப்ட் கத்தும். யாராவது இறங்கி எடை குறைந்ததும் கத்தல் நின்று கதவு மூடும். படத்தில் அப்படித்தான் இருந்தது. அதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை. ஆனால் ஆபா அங்கே வேறொன்றைப் பார்த்தார். கடைசியாக ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். பிள்ளையையும் பையையும் முதலில் உள்ளே தள்ளிவிட்டுத்தான் தாங்கள் ஏறுவார்கள். லிஃப்ட் கத்தினால் முதலில் இறங்குகிறவர்களும் அவர்களே. இறங்கிய பிறகுதான் பிள்ளை உள்ளே இருப்பது உறைக்கும். அதற்குள் கதவு நகர்ந்துவிடும்.

கத்தல் நின்ற பிறகும் கதவு கொஞ்ச நேரம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாக ஒரு கட்டம், இரண்டு அம்பு. ஆனால் படம் போடும் மென்பொருள் ஆபீஸ் கணினியில் மட்டுமே இருந்தது. ஆபாவின் கையில் இருந்த மடிக்கணினியில் இயந்திரம் எழுதிய நிரல்தான் இருந்தது. சாயங்காலக் கூட்டம் வருவதற்குள் லிஃப்ட் ஓட வேண்டும் என்று கடை மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். ஆபா கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து, அந்த நிரலிலேயே கையால் சில வரிகளைச் சேர்த்து பலகையில் ஏற்றிவிட்டார். மடிக்கணினியை மாமாவிடம் ஆபீஸுக்குக் கொடுத்தனுப்பினார். மறுநாள் காலையில் வந்து படத்தில் போடுவதாக எண்ணம்.

மறுநாள் ஆபா வரவில்லை. விடியற்காலையில் அவருடைய அப்பா, அவர் வாயில் அத்தா, குளியலறையில் விழுந்து, ஒரு பக்கம் கையும் காலும் விளங்காமல் போய், ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அம்மா இல்லாத வீடு. தம்பி வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். எப்போது முடியுமோ அப்போது வா, உன் இடம் அப்படியே இருக்கும் என்றார் முதலாளி. மனதோடுதான் சொன்னார். நான் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளியே நின்று, அத்தாவுக்குக் கஞ்சி இறங்குகிறதா என்பதைப் பற்றிப் பேசினோம். லிஃப்ட் எங்கள் பேச்சில் வரவில்லை. அறையில் தனியாக இருந்து பழகினேன். எதிர் நாற்காலியில் என் பையை வைக்க ஆரம்பித்தேன்.

தீபாவளிக்கு முன்பு அந்த ஜவுளிக்கடை ஒரு மாற்றம் கேட்டது. கூட்ட நேரத்தில் லிஃப்ட் கிடங்கு மாடியில் நிற்கக் கூடாது. நான் படத்தைத் திறந்து மாற்றினேன், பொத்தானை அழுத்தினேன், மேசையில் சோதித்துப் பார்த்து மாமாவிடம் கொடுத்தனுப்பினேன். ஒருவர் துணையும் இல்லாமல் நான் முடித்த முதல் வேலை. லிஃப்ட் கிடங்கு மாடியில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் கடையிலிருந்து போன் வந்தது. லிஃப்ட் கத்தியதும் ஒரு அம்மா இறங்கியிருக்கிறார். கதவு மூடி, அவருடைய சின்னப் பெண் கூட்டத்தோடு மேலே போய்விட்டது. யாரோடு வந்த பிள்ளை என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. பட்டுப் பிரிவில் விற்பனைப் பெண்கள் அழுகிற பிள்ளையைக் கவுன்டர்மேல் உட்காரவைத்துச் சமாதானப்படுத்தியிருக்கிறார்கள். கீழே அந்த அம்மா மாடி மாடியாக ஓடியிருக்கிறார். பிள்ளை கிடைத்துவிட்டது, அடி காயம் ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் பலகையைக் கழற்றிக்கொண்டு போங்கள் என்றார் மேனேஜர்.

முதலாளி சத்தம் போடுகிறவர் இல்லை. "இதுவரைக்கும் ஒழுங்காத்தானே ஓடிச்சு. நீ மாத்திக் கொடுத்த பிறகுதானே இப்படி?" என்றார். பிறகு, "படிச்ச பொண்ணு, பொறுப்பா இருப்பேன்னு நினைச்சேன்" என்றார். இரண்டாவது வாக்கியம் என் எலும்பில் இறங்கியது. என்னைப் படிக்கவைத்த இஸ்திரிப்பெட்டியின் சூட்டுக்கே அவர் குறை சொன்ன மாதிரி இருந்தது. படத்தை வரி வரியாகச் சரிபார்த்தேன். பிழை இல்லை. இல்லாத பிழைக்கு வேலையை இழக்கப் போகிறேன் என்ற பயத்தோடு படியிறங்கியபோது, மாமா என்னைக் கூடத்தின் ஓரத்துக்குக் கூப்பிட்டார். "ஏம்மா, ஆடில ஆபா அந்தக் கடை படிக்கட்டுல குந்திகினு ஏதோ தட்டிச்சே. அத்த நீ சேத்துகினியா?"

மேலே ஓடி அந்த மடிக்கணினியைத் திறந்தேன். ஆபாவின் வரிகள் அதில் இருந்தன, படத்தில் இல்லை. யாரும் அவற்றை அழிக்கவில்லை. நான் பொத்தானை அழுத்தினேன், இயந்திரம் தனக்குத் தெரிந்த படத்தை மட்டும் எழுதியது, அவ்வளவுதான். சட்டத்தைப் போட்டவரே அதை மீறியிருந்தார். அதை முதலாளியிடம் சொன்னால் என் பெயர் பிழைக்கும். ஆனால் அடுத்த மாதம் பாதி நாளாவது வேலைக்கு வர ஆபா அனுமதி கேட்டிருந்தது எனக்குத் தெரியும். அத்தாவின் மருந்துக்கு அந்தச் சம்பளம் தேவை என்பதும் தெரியும். மொட்டைமாடிக்குப் போய் அவருக்கு போன் செய்தேன்.

நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது. இல்லை என்றேன்.

"அப்போ சார் கிட்ட சொல்லிடு."

"நீங்க திரும்பி வரணும் ஆபா."

"வரணும்தான். அதுக்குன்னு நீ பண்ணாதத நீ பண்ணேன்னு சொல்லுவியா? உன் மூஞ்சிக்கு அது வராதுபா" என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு குரல் இறங்கியது. "நான் போட்டது சரியான வரி. போட்ட எடம்தான் தப்பு. அத்தயும் சேத்து சொல்லு."

நான் சொன்னேன். அது ஆபா போட்ட வரி சார், கையால போட்டது, ஆனால் லிஃப்ட்டுக்குத் தேவையான வரி என்று. முழுவதையும் சொன்னேன். நான் செய்தது சரி; இப்போதும் அதையேதான் செய்வேன். முதலாளி மேசைமேல் இருந்த ஸ்க்ரூடிரைவரை உருட்டிக்கொண்டே கேட்டார். சட்டம் போட்டவளேவா என்று மட்டும் சொன்னார். என்னிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தார். கடையையும் சமாதானப்படுத்தினார். அடுத்த மாதம் ஆபா திரும்பி வருவதைப் பற்றி முதலாளியிடம் நானே போய்க் கேட்டேன். அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். படம் போட்டால் நிரல் தானாக வருகிறது. இதற்கு இரண்டு பேர் எதற்கு. நீ ஒருத்தியே நன்றாகத்தான் பார்க்கிறாய். பள்ளியிலிருந்து நான் ஏங்கிக்கொண்டிருந்த வகைப் பாராட்டு அது. ஆபா தன் அச்சை அவ்வளவு நன்றாகச் செய்து வைத்திருந்தார். ஆபா இல்லாமலே அது ஓடியது.

அந்தக் கட்டத்தைப் படத்தில் நான்தான் போட்டேன். எந்த அம்பு எங்கிருந்து வர வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகம். படம் போடும் மென்பொருளை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். சந்துக்குள் இரண்டு அறை வீடு; உள்ளறையில் அத்தா படுத்திருந்தார். ஆபா துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் எங்கள் அறையில் இருந்த முகமாக மாறியது. ஓர் அம்பை விரலால் தொட்டு, "இது இங்கேருந்து வராது. கத்தி முடிச்ச அப்புறம்தான் வரும்" என்றார். மாற்றினேன். கட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்றேன். "பொறு-ன்னு வையேன்" என்றார். அப்படியே வைத்தேன். அப்போது உள்ளறையிலிருந்து அத்தா கூப்பிட்டார். ஆபா எழுந்து போனார். சுவருக்கு அப்பால் அவர் உருதுவில் தணிந்த குரலில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தேநீர் ஆறிப்போனது. வாசலில் நின்று குரல் கொடுத்துச் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். பிறகு ரம்ஜானுக்கு நான் ஒரு வாழ்த்து அனுப்புவேன், தீபாவளிக்கு அவர் ஒன்று அனுப்புவார். அவர் இப்போது வீட்டிலிருந்தே ஏதோ கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பதாகக் கேள்வி. நானாகக் கேட்டதில்லை.

இப்போதும் அந்த மாடி அறையில் நான் ஒருத்திதான். படம் போடுகிறேன், பொத்தானை அழுத்துகிறேன். ஆபா இடைவெளி விடுகிற மாதிரியே இடைவெளி விட்டு, ஆபா பெயர் வைக்கிற மாதிரியே பெயர் வைத்து, நிரல் வந்து விழுகிறது. கேட்க வேண்டியதை அதனிடம் கேட்க முடியாது. மத்தியானங்களில் லிஃப்ட்டில் போய்வருவதை விட்டுவிட்டேன். தனியாக ஏறி இறங்கினால் வாட்ச்மேன்கள் வேறு மாதிரி பார்க்கிறார்கள்.

போன தீபாவளிக்கு அம்மாவைச் சேலை எடுக்கத் தி.நகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் சம்பளத்தில் அந்தக் கடையில்தான் எடுக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். கூட்டம் நெரிந்தது. அம்மாவையும் பைகளையும் லிஃப்ட்டுக்குள் தள்ளிவிட்டுக் கடைசியாக நான் ஏறினேன். லிஃப்ட் கத்தியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இறங்கினேன். கத்தல் நின்றது, கதவு மூடவில்லை. யாரோ பொத்தானைப் பட்பட்டென்று குத்தினார்கள். "இன்னாபா, லிஃப்ட்டு தூங்கினு கீது" என்றது உள்ளே ஒரு குரல். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நான் வெளியே நிற்பதைக் கண்டதும், பைகள் எல்லோர் முழங்காலிலும் இடிக்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். அதற்குப் பிறகுதான் கதவு மூடியது.

"நல்ல வேள, நின்னுச்சு. உன்ன வுட்டுட்டு நான் எந்த மாடில எறங்குவேன்?" என்றாள் அம்மா. பிறகு கதவைத் திரும்பிப் பார்த்து, "உங்க கம்பெனி லிஃப்ட்டா? நீ பண்ணதா இது?" என்று கேட்டாள்.

"நான் இல்லம்மா. ஆபா பண்ணது."

"அது யாரு?"

அவரைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் நான் பேசியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்கூட வேலை பார்த்தவங்க என்றேன். அம்மா ஒரு பையை என்னிடம் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் நடந்தாள்.

"நம்ம வூட்டாண்ட ஒரு நாளு இட்டுகினு வாயேன்" என்றாள்.

அம்மாவுக்கு எல்லாமே அவ்வளவு சுலபம். நான் பையை மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் படியேறினேன்.